சிகிச்சை பிள்ளைக்கு மட்டுமல்ல

தெமோதரைத் தோட்டத்திலிருந்து பிள்ளையைப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் பிசியோதெரபிக்குக் கொண்டுபோனால், அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை. அங்கே பயிற்சி கொஞ்ச நேரம்தான். மிச்ச நாளெல்லாம் பிள்ளை லயத்தில்தான் இருக்கிறது. அதனால் வீட்டாரைச் சேர்க்காத சிகிச்சை பாதிச் சிகிச்சைதான். குடும்பத்தை மையமாக வைக்கும் பராமரிப்பு இங்கிருந்தே தொடங்குகிறது.

பெருமூளை வாதத்தை எடுத்துக்கொள்வோம். பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திலோ மூளைக்கு ஏற்படும் பாதிப்பு, உடலின் அசைவையும் உடலை நிமிர்த்தி வைத்திருக்கும் நிலையையும் குலைக்கிறது. அந்தப் பாதிப்பு வளர்வதில்லை. ஆனால் கவனிக்காமல் விட்டால் தசைகள் இறுகி, மூட்டுகள் மடங்கிப்போகலாம்.

"இதைப் பத்து முறை செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்புவது பழைய வழக்கம். குடும்பத்தோடு வேலை செய்யும் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) முதலில் கேட்பார்: "பிள்ளை எதைச் செய்தால் உங்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்?" தானாகச் சோறு தின்ன வேண்டும் என்று அம்மா சொன்னால் அதுவே இலக்கு. சாப்பிடும்போது முதுகுக்கு அண்டை கொடுத்து நிமிர்ந்து உட்கார வைப்பது, உடுப்பு மாற்றும்போது கையை நீட்ட வைப்பது எனப் பயிற்சி அன்றாட வேலைக்குள் போய்விடும். அம்மா கொழுந்துக்குப் போனால் அப்பாயிக்கும் பிள்ளை மடுவத்தில் பார்ப்பவருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எல்லாப் பொறுப்பையும் அம்மாவின் தலையில் கட்டுவது குடும்பப் பராமரிப்பு ஆகாது.

குடும்பத்தை மையமாக வைக்கும் இந்தப் பராமரிப்பை ஆய்வாக வளர்த்தவற்றில் முக்கியமானது கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கிய கேன்சைல்ட் மையம். தங்களை மதித்தார்களா, விளக்கம் தந்தார்களா, முடிவில் சேர்த்தார்களா என்று பெற்றோரிடமே கேட்டு அளக்கும் வினாக்கொத்தை அது உருவாக்கியது. நமக்குக் கிட்டிய உதாரணம், தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம். அங்கே பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பிள்ளையின் முன்னேற்றத்தோடு பராமரிப்பவரின் சுமையும் கணக்கில் எடுக்கப்படுகிறது.

அடுத்த கிளினிக்கில் நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் பயிற்சி எதற்கு? வீட்டு வேலையோடு எப்படிச் செய்வது? வேறு யாருக்குக் கற்றுக்கொடுக்கலாம்? பதில் விளங்கும் வரை கேளுங்கள். அது உங்கள் உரிமை.