வெந்நீர் வலிப்புக்கு எத்தனை மார்க்?

செப்டம்பர், அக்டோபர் வந்தால் பெங்களூர் கல்லூரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாழ்த்துச் செய்தி சுற்ற ஆரம்பிக்கும். ‘உலகின் முதல் இரண்டு சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியலில் எங்கள் பேராசிரியர் இடம்பிடித்திருக்கிறார். சால்வை, மாலை, முதல்வரோடு புகைப்படம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 முதல் வெளியிட்டுவரும் பட்டியல் அது. ஒருவர் எழுதிய கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்கிலிருந்து தயாராவது. மாலை போட்டுக்கொண்டவர்களின் உழைப்பில் எனக்குச் சந்தேகம் கிடையாது. என் கவலையெல்லாம் அந்தப் பட்டியலுக்குள் ஒருவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத நோய்களைப் பற்றியது. அப்படிப்பட்ட நோய்கள் கர்நாடகத்திலேயே இருக்கின்றன.

வெந்நீர் வலிப்பு அவற்றில் ஒன்று. தலைக்குக் குளிக்கும்போது சுடுதண்ணீரைச் செம்பு செம்பாக மொண்டு உச்சியில் ஊற்றிக்கொள்வது நம் வழக்கம். சிலருக்கு அந்த நேரத்தில் பார்வை நிலைகுத்தி, பேச்சு குழறி, வலிப்பு வந்துவிடுகிறது. மருத்துவ இலக்கியத்தில் இதைப் பற்றிய முதல் குறிப்பு 1945-ல் நியூசிலாந்திலிருந்து வந்தது. ஆனால் இது அதிகம் காணப்படுவது தென்னிந்தியாவில், குறிப்பாகத் தென் கர்நாடகத்தில். பெங்களூரின் நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணியும் அவர் குழுவினரும் இதை ஆரம்பத்திலேயே கவனித்து எழுதினார்கள். 1988-ல் அதே ஊரின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர் பி. சதீஷ்சந்திராவும் சகாக்களும் 279 நோயாளிகளின் விவரங்களை ‘எபிலெப்சியா’ இதழில் வெளியிட்டார்கள். சிலருக்குத் தண்ணீரின் சூட்டைக் குறைத்தாலே போதும், சிலருக்குக் குளிப்பதற்கு முன் ஒரு மாத்திரை, வேறு வேளைகளிலும் வலிப்பு வருகிறவர்களுக்குத் தொடர் மருந்து என்ற தெளிவு இப்படிப்பட்ட ஆய்வுகளால்தான் கிடைத்தது. காரணம் தெரியாமல் பயந்து கிடந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை!

இந்த ஆய்வை இன்று ஓர் இளம் மருத்துவர் தொடர விரும்பினால் அவருடைய எண்கள் என்னவாகும்? மேற்கோள் காட்ட ஆள் வேண்டும். அதே நோயை ஆராய்பவர்தான் அவருடைய கட்டுரையை மேற்கோள் காட்டுவார். நீரிழிவைப் பற்றி எழுதினால் உலகெங்கும் பல்லாயிரம் பேர் அதே துறையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வெந்நீர் வலிப்பை ஆராய்பவர்கள் இங்கே கொஞ்சம், துருக்கியில் கொஞ்சம், ஜப்பானில் கொஞ்சம். எவ்வளவு உயர்ந்த ஆய்வாக இருந்தாலும் மேற்கோள் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. ஆய்வின் தரத்தோடு, அந்த நோய் எந்த நாட்டில் இருக்கிறது, அந்த நாட்டில் எத்தனை ஆய்வாளர்களுக்குச் சம்பளம் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் மேற்கோள் கணக்கு அளக்கிறது.

குரங்குக் காய்ச்சலின் கதையும் இதுவே. 1957-ல் ஷிமோகா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டுக்குப் போய்வந்தவர்களுக்குக் கடும் காய்ச்சல். உண்ணிகள் பரப்பும் ஒரு புதிய வைரஸ் என்று புணே வைரஸ் ஆய்வு மையத்தினர் கண்டுபிடித்தார்கள். காட்டின் பெயரே நோய்க்கும் வந்தது. கன்னடத்தில் ‘மங்கன காயிலெ’. வெகுகாலம் ஷிமோகாவைச் சுற்றியே இருந்தது. பிறகு மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகப் பரவி பந்திப்பூர், வயநாடு, கோவா என்று போனது. நம் நீலகிரி வரைக்கும் அதன் தடம் வந்துவிட்டது. விறகு பொறுக்கப் போகும் பெண்ணுக்கும் மாடு மேய்க்கும் கிழவருக்கும் வரும் நோய். நியூயார்க்கில் இருப்பவர் இதை ஏன் மேற்கோள் காட்டப்போகிறார்?

மேற்கோள்களை வைத்து ஆய்வாளரை எடைபோடும் ஹெச்-இண்டெக்ஸ் என்ற எண்ணை 2005-ல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 20. இயற்பியலாளர்களை ஒப்பிட அவர் உண்டாக்கிய கணக்கு அது. ஓர் ஒற்றை எண் ஒரு மனிதரின் பணியைத் தோராயமாகத்தான் காட்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆய்விதழ்களை மேற்கோள் சராசரியால் அளக்கும் இம்பேக்ட் ஃபேக்டருக்கு வித்திட்ட யூஜீன் கார்ஃபீல்டும், ஓர் இதழின் சராசரியைக் கொண்டு தனி ஆய்வாளரை எடைபோடுவது ஆபத்து என்று எச்சரித்தவர். அந்த எச்சரிக்கைகள் கடல் தாண்டி வரவில்லை. எண்கள் மட்டும் வந்து சேர்ந்தன.

சம்பு நாத் தே என்ற பெயரை மருத்துவ மாணவர்கள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? கல்கத்தாவில் நோயியல் பேராசிரியராக இருந்தவர். 1884-ல் அதே கல்கத்தாவில் ராபர்ட் கோக் காலராக் கிருமியை உறுதிசெய்தபோதே, அது ஏதோ நஞ்சைச் சுரக்கிறது என்று சந்தேகித்தார். அதற்கான நிரூபணம் வர 75 ஆண்டுகள் ஆயின. கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் முயலின் குடலுக்குள் செலுத்தி, குடலில் நீர் சேர்வதைக் காட்டினார் தே. 1959-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த சிறு கட்டுரை. காலராவில் கிருமி உயிரைப் பறிப்பது எப்படி என்ற புரிதலுக்கு இன்று அதுதான் அடித்தளம். ஆனால் வெளிவந்த காலத்தில் அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கு ஹெச்-இண்டெக்ஸ் பார்த்து அவருக்குப் பதவி உயர்வு முடிவுசெய்திருந்தால் அந்தக் கட்டுரையால் ஒரு மார்க்கும் கூடியிருக்காது. 1978-ல் நோபல் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்டது ஒன்றே அவருக்குக் கிடைத்த பெரிய கௌரவம். 1985-ல் காலமானார்.

அடுத்த ஆண்டே கார்ஃபீல்ட் தன் மேற்கோள் தரவுகளைக் கொண்டு காலரா ஆய்வின் வரைபடத்தைத் தொகுத்து, தேயின் இடத்தை உலகுக்குச் சுட்டிக்காட்டினார். 1990-ல் பெங்களூரிலிருந்து வெளிவரும் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழ் தேயைப் பற்றி ஒரு சிறப்பிதழையே கொண்டுவந்தது. அந்த இதழின் ஆசிரியராகப் பின்னாளில் நெடுங்காலம் இருந்த பி. பலராம், இம்பேக்ட் ஃபேக்டர் மோகத்தைப் பற்றித் தலையங்கங்களில் திரும்பத் திரும்ப எழுதினார். ஆக, கணக்கின் பயனையும் அதன் எல்லையையும் இந்த ஊர் முன்பே பேசியிருக்கிறது. அது மட்டுமா? எண்ணிக்கையைக் கொண்டு நூலகங்களை ஆராயும் முறைக்கு ‘லைப்ராமெட்ரி’ என்று 1948-லேயே பெயர் சூட்டியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். பெங்களூரில் 1962-ல் ஆவணவியல் ஆய்வுப் பயிற்சி மையத்தை நிறுவி, இங்கேயே வாழ்ந்து மறைந்தார். வாசகருக்கு எது தேவை என்று அறிவதற்காக எண்ணச் சொன்னவர் அவர்.

தமிழ் வாசகர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கே நம் பெயர்களில் தடுக்கி விழுகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். தரவுத்தளங்களோ கடைசிப் பெயரைத் தேடுகின்றன. ச. முருகன் என்பவர் ஒரு கட்டுரையில் ‘முருகன் எஸ்.’ என்று இருப்பார். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்த பிறகு அடுத்த கட்டுரையில் ‘சண்முகம் எம்.’ ஆகிவிடுவார். பாதிக் கட்டுரைகள் அப்பாவின் கணக்கில் ஏறிவிடும். ‘குமார் எஸ்.’ என்ற பெயரில் தேடினால் யார் யாருடைய கட்டுரைகளோ ஒன்றாகக் குவியும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண் மருத்துவரின் பத்தாண்டு உழைப்பு இரண்டு துண்டாகும். கூகுள் ஸ்காலரில் ஓர் எண், ஸ்கோபஸில் வேறோர் எண் என்பது தனிச் சங்கடம். 2012-ல் வந்த ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதற்கு ஓரளவு தீர்வு. இலவசம்தான். ஆய்வில் இறங்கும் ஒவ்வொரு மருத்துவ மாணவரும் முதல் கட்டுரைக்கு முன்பே அதை வாங்கிவிடட்டும்.

எண் இல்லாவிட்டால் சாதியும் சிபாரிசும்தான் பதவியைத் தீர்மானிக்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு.

ஆனால் எண்ணும் விலைக்கு வருகிறதே! மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியராக உயர வேண்டுமானால் கட்டுரைகள் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது விதி. காலையில் புறநோயாளிகள், மதியம் வகுப்பு, இரவில் டூட்டி என்று ஓடுகிற மருத்துவர் எப்போது ஆராய்வார்? அந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். எழுதி முடித்த கட்டுரையில் முதல் ஆசிரியர் இடத்துக்கு ஒரு விலை, மூன்றாம் இடத்துக்கு ஒரு விலை. 2023-ல் மட்டும் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. நேர்மையாக இருப்பவர்களுக்கும் ஒரு குறுக்கு வழி திறந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான பெயர்கள் கொண்ட பன்னாட்டுக் கூட்டுக் கட்டுரைகளில் ஒருவராகச் சேர்ந்துகொண்டால் மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அதில் தவறில்லை. ஆனால் அந்த மருத்துவர் ஷிமோகா பக்கம் போக இனி என்ன காரணம் மிச்சம் இருக்கிறது? என் பயம் இதுதான். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து, இதுவரை பெயரிடப்படாத ஒரு நோயை முதலில் கவனிக்க வேண்டிய கண்கள் எல்லாம் கணினித் திரையில் தங்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இதற்கு வெளிநாட்டிலும் மருந்து தேடியிருக்கிறார்கள். 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம், இதழின் இம்பேக்ட் ஃபேக்டரைத் தனிமனித மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றது. 2015-ல் வந்த லெய்டன் அறிக்கையின் பத்துக் கோட்பாடுகளில் ஒன்று, அந்தந்த மண்ணுக்குத் தேவையான ஆய்வுகளின் சிறப்பைக் காக்கச் சொல்கிறது. நமக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது.

அப்படி மண்ணுக்கேற்ற பணியைப் பார்க்க வேண்டுமானால் கர்நாடகத்தின் பெல்லாரிக்குப் போய்ப் பாருங்கள். 1980-களில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் அந்த மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஊழியர்களுக்கும் மனநோயைக் கண்டறிந்து மருந்து கொடுக்கப் பயிற்சி அளித்தார்கள். நோயாளியைச் சங்கிலியோடு நகரத்துக்கு இழுத்துவர வேண்டியதில்லை, ஊரிலேயே பார்க்க முடியும் என்று காட்டினார்கள். அந்த முன்மாதிரியிலிருந்துதான் 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் பிறந்தது. இன்று நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் அது இருக்கிறது. தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையில் மனநல மருந்து இலவசமாகக் கிடைக்கிறதென்றால் அந்தப் பெல்லாரி வேலைக்கும் அதில் பங்குண்டு. எந்த ஹெச்-இண்டெக்ஸில் இது ஏறியது?

பதவி உயர்வு விண்ணப்பத்தில் இப்போது ஹெச்-இண்டெக்ஸ், மொத்த மேற்கோள், இதழின் இம்பேக்ட் ஃபேக்டர் என்று கட்டங்கள் இருக்கின்றன. இருந்துவிட்டுப் போகட்டும். பக்கத்தில் அரைப் பக்கம் வெற்றிடம் விடுங்கள்: உங்கள் ஆய்வால் எந்த நோய்க்குச் சிகிச்சை மாறியது, எந்த மாவட்டத்தில், எந்த ஆண்டிலிருந்து? விண்ணப்பதாரர் தன் கட்டுரைகளில் சிறந்தவை என்று கருதும் ஐந்தைக் கொடுக்கட்டும். தேர்வுக் குழுவில் அந்தத் துறை தெரிந்த இருவராவது அவற்றை முழுக்கப் படித்துவிட்டு நேர்காணலுக்கு வந்து உட்கார வேண்டும்.