தூரிகையை வைத்துவிட்டுக் கத்தியை எடுங்கள்

ஓவியம் பழகுகிற பலருக்கு ஒரு கட்டத்தில் கை இறுகிவிடும். இலையென்றால் நரம்பு வரை, முகமென்றால் இமைமயிர் வரை போகத் தோன்றும். படம் சரியாகத்தான் இருக்கும், உயிர் இருக்காது. இதற்கு நான் அறிந்த நல்ல மருந்து பேலட் கத்தி.

இதில் இரண்டு வகை உண்டு. வண்ணம் குழைப்பதற்கு நீளமான, நேரான தகடு. தீட்டுவதற்கு, கொத்தனாரின் கரணையைப் போலக் கழுத்து வளைந்த கத்தி. விரல்முட்டி ஈர வண்ணத்தில் படாமலிருக்கத்தான் அந்த வளைவு. மெல்லிய எஃகுத் தகடு அழுத்தினால் வளைந்துகொடுக்கும், விட்டால் நிமிரும்.

தகட்டின் அடியில் வண்ணத்தை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்துப் பாருங்கள். கத்தி போன தடம் வழவழவென்று படியும். அது மேலெழும் இடத்தில் வண்ணம் சின்ன வரப்பாக எழும்பி நிற்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் வரப்பின் ஒருபுறம் மின்னும், மறுபுறம் நிழல் தட்டும். நீலத்தையும் வெள்ளையையும் அரைகுறையாகக் கலந்து எடுத்தால் இரண்டும் இழை இழையாக ஓடும். காய்ந்த பூச்சின் மேல் அழுத்தாமல் தேய்த்தால் மேடுகளில் மட்டும் ஒட்டும். பள்ளங்களில் அடிவண்ணம் தெரியும். பாறைக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. பிரான்சின் ஓர்னான் ஊரில் பிறந்த குஸ்தாவ் கூர்பே தன் வட்டாரத்துச் சுண்ணாம்புப் பாறைகளைக் கத்தியால்தான் எழுப்பினார்.

கூர்பேயால் ஈர்க்கப்பட்ட பால் செசான், 1866இல், தன் 27ஆம் வயதில், தாய்மாமன் தொமினிக்கைத் திரும்பத் திரும்ப உட்காரவைத்துக் கத்தியால் தீட்டினார்: வக்கீலாக, துறவியாக, பருத்திக் குல்லாயோடு. அப்பா செய்தித்தாள் படிக்கும் படமும் அதே ஆண்டில் தீட்டியதுதான். ஏறக்குறைய 2 மீட்டர் உயரமுள்ள அந்தக் கேன்வாஸ் இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இவற்றில் தனி மயிரைத் தேட முடியாது. கன்னமும் நெற்றியும் தடித்த வண்ணப் பட்டைகள். ஆனாலும் ஆள் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

தூரிகையைப் பேனா பிடிக்கும் பிடியில் பிடிப்பதால் விரல்கள் மட்டுமே அசைகின்றன. கத்திக்கு மணிக்கட்டும் முழங்கையும் வேண்டும். நுணுக்கம் அதற்கு எளிதில் வராது. ஆகவே எது வெளிச்சம், எது நிழல் என்று முதலிலேயே முடிவெடுத்தாக வேண்டும். வைத்ததைத் தடவிக்கொண்டே இருந்தால் வண்ணம் சேறாகும். பிடிக்கவில்லையா? மொத்தமாக வழித்தெடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். இந்தத் துணிவைத்தான் கத்தி கற்றுத்தருகிறது.

ஒவ்வொரு முறையும் தகட்டைத் துணியால் துடையுங்கள்; வண்ணத்தின் தூய்மை அதில்தான் இருக்கிறது. தைல வண்ணம் காற்றின் ஆக்சிஜனை ஏற்று இறுகுவது. தடிமனாக அப்பினால் மேலே ஆடை கட்டி, உள்ளே மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். அதனால் தடித்த பூச்சுக்குத் தொய்யும் கேன்வாஸைவிடப் பலகை நல்லது. சீக்கிரம் காய வேண்டுமென்றால் கெட்டியான அக்ரிலிக் வாங்குங்கள்.

முதல் பயிற்சிக்கு ஒரு மாம்பழம் போதும். வெளிச்சம், நடுத்தரம், நிழல் என மூன்றே வண்ணங்களைக் குழையுங்கள். பழத்தின் விளிம்பைக் கோடாகப் போடாதீர்கள். பின்னணி வண்ணத்தைக் கத்தியில் எடுத்து, பழத்தை நோக்கி இழுத்து வந்து, அதன் ஓரத்தில் நிறுத்துங்கள். விளிம்பு அங்கே தானாக அமையும்.