துக்கம் விசாரிக்கும் யாத்திரை

திருகோணமலைக்குப் பேருந்தில் போகிறவர்கள், கந்தளாய்த் தெருவோரக் கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் எருமைத் தயிர்ச் சட்டிகளைக் கண்டு ஆவலோடு இறங்குவார்களேயன்றி, குளக்கட்டின் மேல் ஏறி நின்று அதன் கீழே முன்னொரு நாள் நேர்ந்ததை நினைத்துப் பார்ப்பவர்கள் சொற்பமே. கோணேசர் கோயிலின் பொருட்டுக் குளக்கோட்டன் கட்டுவித்தான் என்று தமிழர் ஐதிகமும், இரண்டாம் அக்கபோதியின் திருப்பணி என்று சிங்கள வரலாறும் உரிமை கொண்டாடுகிற, துறைமுக நகரத்தாருக்கு இன்றும் குடிநீர் தருகிற அந்தப் பழம்பெருங் குளம், 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, சித்திரை வருஷப் பிறப்புக் கழிந்து ஒரு வாரமே ஆகியிருந்த பின்னிரவில், ஊர் அயர்ந்து உறங்கிய வேளையில் உடைத்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. சுமார் 1,600 வீடுகளும் 2,000 ஏக்கர் வயலும் நாசமாயின. பாரமான வாகனங்களைக் கட்டின் மேல் ஓட்டியது இதற்கு ஒரு காரணமென்று சொல்லப்பட்டது.

ஜலம் செய்ததை அக்கினியும் செய்யும். அவுஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் கிழக்குக் கோடியிலுள்ள மல்லகூட்டா என்ற கடலோரச் சிற்றூரை, 2019ஆம் ஆண்டின் கடைசி நாளில், எண்ணெய்ச் சத்து மிகுந்த யூகலிப்டஸ் மரங்களைப் பற்றி எரிந்துவந்த காட்டுத்தீ சூழ்ந்துகொண்டபோது, காலை வானம் இருண்டு பின் செந்நிறமாக, ஊராரும் விடுமுறைக்கு வந்தோருமாகச் சுமார் 4,000 பேர் நீர்க்கரையில் தஞ்சம் புகுந்தார்கள். மூன்றாம் நாள் கடற்படைக் கப்பல் வந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரை ஏற்றிச் சென்றது. நெருப்பு அணைந்தது, ஆனால் பிரயாணிகளை நம்பிப் பிழைக்கும் ஊருக்குப் பிரயாணிகள் வராமற்போவது இரண்டாவது விபத்து.

இத்தகைய ஊர்களுக்கு எப்போது போவது, எப்படிப் போவது என்பதற்கு நம்முடைய துக்கம் விசாரிக்கும் சம்பிரதாயமே தக்க வழிகாட்டி. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலார் சோறு சமைத்துக் கொண்டுபோவார்கள். எப்படி நேர்ந்தது என்று யாரும் குடைந்து கேட்பதில்லை. பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பதே விசாரிப்பு. முதல் நாளோடு அது முடிவதுமில்லை. எட்டாம் நாளும், முப்பத்தோராம் நாளும், ஆண்டுத் திவசத்தன்றும் உற்றார் மறவாமல் வருவார்கள். அனர்த்தம் நேர்ந்த முதல் நாட்களில் மீட்பவர்களுக்கு வழிவிட்டு விலகியிருப்பதும், பத்திரிகைகள் மறந்துபோன பிறகு சென்று, அங்கே தங்கி, அங்கேயே உண்டு, பேரம் பேசாமல் வாங்கி வருவதும் அந்தத் தர்மத்தின் விரிவேயாகும். இடிந்த சுவரைப் படம்பிடிக்க மட்டும் போகிறவன், செத்த வீட்டை வேடிக்கை பார்க்கப் போனவனே.

கந்தளாயில் அடுத்த முறை தயிர் வாங்க இறங்குகிறவர், சட்டியை எடுத்துக் கொடுக்கும் மூதாட்டி பேச்சுவாக்கில் "குளம் உடைச்ச வருஷம்" என்று தொடங்கினாரானால், பேருந்து புறப்படுகிறதே என்று பதறாமல், நின்று முழுவதும் கேட்பாராக. அடுத்த பேருந்து வரும்.