கெட்டிக்காரப் பையனுக்கு வாசிப்பு ஏன் வரவில்லை?

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கடை. அப்பாவுக்குத் துணையாகப் பத்து வயதுப் பையன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக்காரப் பயணியிடம் இங்கிலீஷில் பேரம் பேசுகிறான். கணக்கில் ஒரு காசு பிசகாது. பள்ளிக்கூடத்தில் புத்தகத்தைத் திறந்தாலோ திணறுகிறான்! "மக்குப் பயல்" என்று வீட்டில் திட்டு.

அவன் மக்குதானா?

749-ஐப் பெருக்கிய பையன்

1896-ல் இங்கிலாந்து டாக்டர் பிரிங்கில் மார்கன், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். 749-ஐ 867-ஆல் சட்டென்று சரியாகப் பெருக்கினான் அவன். ஆனால் தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான்! இந்தக் குறைக்குப் பெயர் 'டிஸ்லெக்சியா'. இது புத்திக் குறைவு அல்ல. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளை தடுமாறுகிறது.

எந்த மொழியில் சோதிப்பது?

இங்கேதான் சிக்கல். வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். இங்கிலீஷில் மட்டும் திணறினால், பழக்கம் போதாமல் இருக்கலாம். இரண்டிலும் திணறினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஞாபகசக்தியைச் சோதிக்க எண்களை வரிசையாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். ஏறக்குறைய இரண்டு விநாடிக்குள் சொல்லக்கூடிய அளவுதான் மனத்தில் நிற்கும். 'நைன்' என்றால் ஒரே அசைவு. 'ஒன்பது' என்றால் வாய் மூன்று முறை அசைய வேண்டும்! வேல்ஸ் நாட்டில் இரு மொழி அறிந்தவர்களைச் சோதித்து, 1980-ல் இந்த வித்தியாசத்தை வெளியிட்டார்கள். வேல்ஷ் மொழியில் எண்களைச் சொல்ல நேரம் அதிகம் பிடித்தது. ஆகவே நினைவில் நின்றவை குறைந்தன. இங்கிலீஷ் பிள்ளைகளுக்கு வகுத்த அளவுகோலால் தமிழ்ப் பிள்ளையை அளப்பது நியாயமா?

தமிழில் வேறு தொல்லையும் உண்டு. 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது. அதன் ஒலி பின்னால் வருகிறது. குழந்தை குழம்பினால் ஆச்சரியமில்லை.

நம் நாட்டுச் சோதனை

அரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம், 'டாலி' என்ற சோதனையை 2015-ல் வெளியிட்டது. இந்தி, மராத்தி, கன்னடம், இங்கிலீஷ் ஆகிய மொழிகளில் அது முதலில் வந்தது. தாய்மொழி, இங்கிலீஷ் இரண்டிலும் பார்ப்பதே அதன் நோக்கம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990-களிலிருந்து இப்பிள்ளைகளுக்காகப் பாடுபடுகிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இக்குறை இடம்பெற்றது. உரிய சான்றிதழ் இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

சந்தேகம் இருந்தால் பெற்றோர் முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிக்கட்டும். பிறகு வகுப்பு ஆசிரியரிடம் போகலாம். பிரம்பை மட்டும் எடுக்க வேண்டாம்!