மடிக்கணினிக்குள் ஒரு வைஃபை அட்டை

மடிக்கணினியின் வைஃபை பழுதானாலும் பழசானாலும் கணினியையே மாற்ற வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சின்ன அட்டையை மாற்றினால் போதும். இப்போது பரவலாக உள்ள எம்.2 2230 அட்டை 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம். ஒரே திருகு, இரண்டு ஆன்டெனா ஒயர். யூஎஸ்பி டாங்கிள் போதாதா என்பாரும் உண்டு; ஒரு போர்ட்டை இழக்கத் தயாரென்றால் போதும்.

மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் வைஃபை சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே கதை முடிந்தது. ஸ்லாட் இருந்தாலும் எல்லா அட்டையும் ஆகாது. இன்டெலின் ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 அட்டைகள் இரண்டும் பார்வைக்கு இரட்டையர். முதலாவது பிசிஐஇ இணைப்புள்ள பெரும்பாலான ஸ்லாட்டுகளில் ஓடும், இரண்டாவதற்கு அதற்கென்றே அமைந்த இன்டெல் மதர்போர்டு வேண்டும். சில பழைய மாடல்களில், பட்டியலில் இல்லாத அட்டையைக் கண்டால் பயாஸ் கணினியைத் தொடங்கவே விடாது.

மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைப் பிரிக்க வேண்டும். ஆன்டெனா ஒயரின் முனை இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள உலோக வளையம். நேராக மேலே நெம்பினால் வரும்; ஒயரைப் பிடித்து இழுத்தால் பிய்ந்துவிடும். மாட்டும்போது மையம் பார்த்து நகத்தால் அமுக்க, ‘டக்’கென்று உட்காரும். சுமார் முப்பது தடவைக்கு மேல் கழற்றி மாட்ட அது செய்யப்பட்டதல்ல.

கைவேலையைவிடக் கவலை தருவது அட்டை எங்கிருந்து வருகிறது என்பதுதான். 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ், மலேசியாவில் விற்கும் கம்பியில்லாக் கருவிக்குச் சான்று தேவை. சான்றளிக்கும் சிரிம் நிறுவனத்தின் தலைமையகம் ஷா ஆலமிலேயே இருக்கிறது. ஆனாலும் அதே ஊரில் இணையத்தில் ஆர்டர் செய்தால், வெறும் பிளாஸ்டிக் உறையில் முத்திரையில்லாத அட்டை வீட்டுக்கு வந்துவிடும். சான்று வெறும் காகிதச் சடங்கு இல்லை. 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமெரிக்கா 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை வைஃபைக்குத் திறந்திருக்கிறது; மலேசியா 6425உடன் நிறுத்திக்கொண்டது. எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது, எவ்வளவு வலிமையில் அலை வீசும் என்பதெல்லாம் அட்டைக்கு அட்டை மாறும். உள்ளே மாட்டி மூடிவிட்டால் எவர் கண்ணிலும் படாது. மாற்றிய கணினி கைமாறும்போது வாங்குகிறவருக்கும் தெரியாது.

லோ யாட் பிளாசா போன்ற கணினிக் கடைத்தொகுதியில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், சான்று எண்ணைக் காட்டத் தயங்கும் விற்பனையாளரிடம் அட்டை வாங்க வேண்டியதில்லை.