கவியும் இனமும்

ஒடுக்கப்பட்ட ஜனங்களிடையே பிறந்த ஒருவன் தன்னைக் கவியென்று மட்டும் கருத வேண்டுமா, தன் இனத்தின் கவியென்று கருத வேண்டுமா? விடுதலைக் கிளர்ச்சி தோன்றும் இடங்களிலெல்லாம் இக்கேள்வியும் கூடவே எழுவது வழக்கம். அமெரிக்கக் கறுப்பர்களிடையே சென்ற நூற்றாண்டில் இது பகிரங்க விவாதமாகவே நடந்தது. அவ்வரலாறு அரசியல் தொண்டில் ஈடுபட்டுள்ள நம்மவர் கவனத்துக்கு உரியது.

1926-ம் வருஷம் ஜூன் மாதம் ‘நேஷன்’ பத்திரிகையில் லாங்ஸ்டன் ஹியூஸ் என்னும் இளங்கவி ஒரு கட்டுரை எழுதினார். தம்மைக் கறுப்பர் கவியென்னாது கவியென்றே அழைக்க வேண்டுமென விரும்பிய மற்றோர் இளைஞரைப் பெயர் கூறாமலே அதில் கண்டித்தார். அவ்விளைஞர் கவுண்டி கல்லன் என்பதே பலர் கருத்து. அவ்விருப்பத்தின் அடியில் வெள்ளையராகும் ஆசை மறைந்து கிடக்கிறதென்பது ஹியூஸின் வாதம். தன் பிறப்பைப் பற்றி நாணுகிறவனுக்கு எழுத்திலே சுதந்திரம் இராது என்ற அளவில் அவர் கூறியது உண்மையே. ஆயினும் கல்லன் தம் ஜனங்களை மறந்தவரல்லர். கறுப்பரைக் கும்பல் கூடிக் கொல்லும் கொடுமையைப் பற்றி 1929-ல் நெடுங்கவிதை வெளியிட்டவர் அவர்.

ஹியூஸுக்கும் சோதனை வந்தது. 1927-ல் கூலியாட்கள், குடியர், சூதாடிகள் முதலியோரைப் பாடி அவர் ஒரு நூல் வெளியிட்டபோது, இனத்தின் மானத்தை வாங்கிவிட்டாரென்று கறுப்பர் பத்திரிகைகளே சீறின. அதே காலத்தில் அவருக்குப் பொருளுதவி செய்துவந்த செல்வச் சீமாட்டியான மேசன் அம்மையாரோ, நாகரிகம் தீண்டாத ஆதிமனிதனின் குரலை அவரிடம் எதிர்பார்த்தார். 1930-ல் அத்தொடர்பு அறுந்தது. கௌரவமாகக் காட்டு என்றனர் சொந்த ஜனங்கள். காட்டு மனிதனாகக் காட்டு என்றார் போஷகி. இரு தரத்தாரும் இனத்தின் பெயராலேயே பேசினர்.

1966-ல் ஃபிஸ்க் சர்வகலாசாலையில் கூடிய கறுப்பர் எழுத்தாளர் மகாநாட்டில், அங்கேயே ஆசிரியராயிருந்த ராபர்ட் ஹேடன் என்னும் கவி தாக்கப்பட்டார். கவிதையைக் கவிதையாகவே மதிப்பிட வேண்டும், இனத்துக்கென்று தனி அளவுகோல் கூடாது என்று அவர் சாதித்ததே குற்றம். ஆனால் அடிமைக் கப்பல்களின் கொடுமையையும், 1839-ல் ‘அமிஸ்டாட்’ கப்பலில் அடிமைகள் செய்த புரட்சியையும் கவிதையாக்கி 1945-லேயே வெளியிட்டவர் அவர். மகாநாடு நடந்த அதே 1966-ல், ஆப்பிரிக்காவில் டக்கார் நகரிலே கூடிய உலகக் கறுப்பர் கலைவிழா அவருக்குக் கவிதைக்கான பெரும் பரிசை அளித்தது. உள்ளூரார் தம்மவரல்லரென்று ஒதுக்கியவரை ஆப்பிரிக்கா தம்மவரென்று ஏற்றது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? இனவுணர்ச்சி கவியின் உள்ளத்தில் தானாக ஊறும்போது பலம் தருகிறது. இவ்வளவு வேண்டும், இவ்விதமே வேண்டும் என்று பிறர் அளந்து கொடுக்கும்போது, அளப்பவர் பகைவராயினும் நண்பராயினும், அது தளையாகிறது.

1966-ல் ஹேடனை எதிர்த்தோரின் ஆத்திரத்தை நாம் அற்பமாக எண்ணவில்லை. உரிமைப் போர் உக்கிரமாக நடந்த காலம் அது. துன்புறும் ஜனங்கள் தம் கவியினிடம் குரல் கேட்பது இயற்கை. அவர்கள் கேட்கலாம், வற்புறுத்தியும் கேட்கலாம். கேட்டபடி பாடாதவனைத் துரோகியென்று தூற்றும் உரிமை மட்டும் எந்த இயக்கத்துக்கும் இல்லை. ஒரு கவியை மேடையேறிக் கண்டிக்க விரும்பும் தொண்டர், முதலில் அவர் நூலை வீட்டில் உட்கார்ந்து ஒரு முறை படித்துவிட்டு வரட்டும்.