மலைப்பாதையில் நின்ற கார்: இழுவைக் கூலி யார் தலையில்?

கடந்த பள்ளி விடுமுறையில் அம்மாவைக் கேமரன் மலைக்கு அழைத்துப் போனோம். அம்மா பிறந்தது அங்குள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். "கண்ணை மூடுறதுக்குள்ள ஒரு தடவை அந்தப் பக்கம் போயிட்டு வந்துடணும்டா" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் சிறிய காரில் ஆறு பேர் உட்கார முடியாது. அத்தானிடம், அதாவது அக்காள் கணவரிடம், அவருடைய ஏழு பேர் அமரும் காரை இரவல் கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் சாவியை நீட்டினார்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அதற்குள் சுமார் 1,400 மீட்டர் ஏற வேண்டும். கார் நிறைய ஆட்கள், பின்னால் மூட்டை முடிச்சு, குளிர்சாதனம் வேறு. ரிங்லெட்டைத் தாண்டியதும் இஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கியது. பார்த்தேன். 'கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டினேன்.

பிரிஞ்சாங்கைக் கடந்து தோட்டத்துக்குள் நுழையும் ஒற்றைப் பாதையில் கார் நின்றேவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஆவி. பின்னால் வரிசையாகக் கார்கள். எதிரே கொழுந்து மூட்டைகளோடு ஒரு லோரி. ஹார்ன் சத்தத்தில் அம்மா பயந்துபோனார்.

தோட்டத்துக்காரர் ஒருவர் பழைய லேண்ட் ரோவரில் வந்து, கயிறு கட்டி, காரை ஓரத்துத் திடலுக்கு இழுத்துவிட்டார். பணம் கொடுத்தேன். வாங்கவில்லை. "அம்மா நம்ம தோட்டத்துல பிறந்தவங்கன்னு சொல்றீங்க, இதுக்குப் போய் காசா?" என்றார். ஆனால் அங்கிருந்து தாப்பா பட்டறைக்குக் கொண்டுபோன இழுவை லோரிக்கு 450 வெள்ளி. அதை நான்தான் கொடுத்தேன். ஊர் திரும்பும் வழியெல்லாம் மனைவி கேட்ட கேள்வி இதுதான்: "அத்தான் காருக்கு நாம ஏன் கட்டணும்?"

வீட்டுக்கு வந்ததும் விவரம் தெரிந்தவர்களை விசாரித்தேன். சட்டப் புத்தகத்தையும் கொஞ்சம் புரட்டினேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அழைத்தவரே முதலில் கொடுப்பவர்

இழுவை லோரிக்காரருக்குக் கார் யாருடையது என்பது முக்கியமில்லை. யார் அழைத்து விலை பேசினாரோ, அவருக்கும் லோரிக்காரருக்கும்தான் ஒப்பந்தம். அந்தப் பணத்தை உரிமையாளரிடமோ காப்புறுதி நிறுவனத்திடமோ திரும்பக் கேட்பது அடுத்த கட்டம். ஆகவே லோரி கிளம்பும் முன்பே எங்கே கொண்டுபோகப் போகிறார், மொத்தம் எவ்வளவு என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள்.

நாம் அழைக்காமலேயே கார் அகற்றப்படுவதும் உண்டு. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பழுதாகிப் பொதுச் சாலையில் ஆபத்தாகவோ இடைஞ்சலாகவோ நிற்கும் வாகனத்தைப் போலீசாரும் சாலைப் போக்குவரத்து இலாகாவும் அகற்றலாம். அந்தச் செலவைக் கட்டித்தான் காரை மீட்க வேண்டும்.

நெடுஞ்சாலை வேறு, மலைச்சாலை வேறு

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கார் நின்றால் பிளஸ் ரோந்துப் படையை 1800-88-0000 என்ற எண்ணில் அழைக்கலாம். அருகிலுள்ள பாதுகாப்பான இடம் வரை இலவசமாக இழுத்துச் செல்வார்கள். நாம் கட்டும் டோல் கட்டணத்தோடு வரும் வசதி அது. தாப்பா டோலைவிட்டு வெளியேறி மலை ஏறத் தொடங்கியதும் அந்த வசதி முடிந்துவிடுகிறது. தாப்பா பாதையும் சிம்பாங் பூலாய் பாதையும் டோல் இல்லாத கூட்டரசுச் சாலைகள். தோட்டத்துக்குள் போனால் அது தனியார் பாதை.

காப்புறுதி எப்போது கொடுக்கும்?

முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும், இயந்திரக் கோளாறு அடிப்படைப் பாலிசியில் சேராது. விபத்தில் சேதமான காரை இழுக்கும் செலவை ஓர் எல்லை வரை தருவார்கள். அதற்குமேல் பல நிறுவனங்கள் 24 மணி நேரச் சாலை உதவியைச் சேர்த்துத் தருகின்றன. பழுதாகி நின்ற காருக்குக் கைகொடுப்பது அதுதான். அதற்கும் எல்லை உண்டு. சிலர் கிலோமீட்டர் கணக்கு வைப்பார்கள், சிலர் வெள்ளிக் கணக்கு வைப்பார்கள். லோரி வந்து போகும் இரண்டு வழித் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் திட்டங்களும் உண்டு. மலையிலிருந்து கோலாலம்பூருக்கு இழுத்தால் எல்லை தாண்டிவிடும். மிச்சம் நம் கையிலிருந்துதான்.

அத்தானின் பாலிசியில் இந்த உதவி இருந்தது. எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. பிறகு ரசீதை அனுப்பியபோது, "முதலில் எங்களைத்தானே அழைத்திருக்க வேண்டும்" என்று மறுத்துவிட்டார்கள். ஒரு போன் செய்யாததற்கு 450 வெள்ளி போயிற்று.

விபத்து என்றால் காப்புறுதித் துறையினர் நடத்தும் 15-500 என்ற எண்ணை அழைக்கலாம். அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லோரிகளிடம் சிக்காமல் இருக்க அது உதவும்.

இரவல் கார் என்றால்?

1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இதற்கு நியாயமான வழி சொல்கிறது. இரவல் வாங்கியவர் அந்தப் பொருளைத் தன் சொந்தப் பொருளைப்போல் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டும் கெட்டுப்போனால் அவர்மேல் பழியில்லை. கொடுத்தவருக்கும் ஒரு கடமை உண்டு. தனக்குத் தெரிந்த குறையைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்து, அந்தக் குறையாலேயே நட்டம் வந்தால் அவர்தான் பொறுப்பு.

இன்னும் சில சூழ்நிலைகள்

கம்பெனி வாகனம் வேலை நேரத்தில் நின்றால், இழுவைச் செலவை முதலாளி தன் இஷ்டத்துக்குச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. எதையெல்லாம் பிடிக்கலாம் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24வது பிரிவு வரையறுத்திருக்கிறது.

பழைய கார் வியாபாரியிடம் வாங்கிய கார் சில நாளிலேயே படுத்துவிட்டதா? பட்டறையில் சரிசெய்த அதே கோளாறு மறுநாளே திரும்பி வந்ததா? பழுதுச் செலவோடு இழுவைக் கூலியையும் சேர்த்துப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் கேட்கலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதும் படங்களும் தேவை.

கடைசியில் என்ன ஆயிற்று?

பட்டறைக்காரர் ரேடியேட்டரைக் காட்டி, "இது ரொம்ப நாளா ஒழுகுதே" என்றார். அத்தானிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி ஊத்துவேன் மாப்ளே. உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

சட்டப்படி பார்த்தால் வாதாட எனக்கு இடம் உண்டு. ஆனால் முள் ஏறியதைப் பார்த்தும் ஓட்டியவன் நான். அதையும் அவரிடம் மறைக்கவில்லை. ரேடியேட்டர் செலவு அவருடையது, இழுவைக் கூலி ஆளுக்குப் பாதி என்று முடித்துக்கொண்டோம். அக்காள் காதுக்கு விஷயம் போவதற்குள் கணக்கு தீர்ந்துவிட்டது.

இப்போது யாருடைய காரை வாங்கினாலும் சாவியோடு மூன்று கேள்வி கேட்கிறேன். காரில் என்ன கோளாறு? சாலை உதவி எண் என்ன? வழியில் நின்றால் செலவு யாருடையது? கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுமலையில் நின்றுகொண்டு கேட்பதைவிட வீட்டு வாசலில் கேட்பது நல்லது.

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நாங்கள் லோரிக்குக் காத்திருந்த இரண்டு மணி நேரமும் அவர் அந்தத் திடலில் உட்கார்ந்து தேயிலைச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கார் நின்னதும் நல்லதுக்குத்தான்" என்று இன்றும் சொல்கிறார்.